பதினோராம் பக்கம் எங்கே?

ஒன்பது நாளாகக் குவெக் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தது.

குவெக் ஒரு வாத்து. தபால்கார வாத்து. தலையில் தொப்பி, தோளில் பை, அலகில் ஒரு கடிதம். வயல் வரப்பு, மூங்கில் பாலம், ரயில் தண்டவாளம் எல்லாவற்றையும் நடந்தே கடக்கும். நீந்த மட்டும் செய்யாது. குவெக்குக்குத் தண்ணீர் என்றால் பயம்.

மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அது ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. இடது கால் தண்ணீரில். வலது கால் கரையில். அதோடு புத்தகம் முடிந்துவிட்டது.

"அண்ணா, குவெக் இன்னொரு காலை எப்போ வைக்கும்?" என்று கேட்டாள் லராஸ்.

"நாலாவது புத்தகத்துல."

"நாலாவது எப்போ வரும்?"

"மூணாவதைப் படிக்க ஆள் வந்தா வரும்" என்றான் பகாஸ்.

லராஸ் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அண்ணன் பகாஸுக்கு இருபத்திரண்டு வயது. குவெக் படக்கதையை எழுதுவதும் வரைவதும் அவன்தான். தெருமுனையில் யானு அண்ணனின் நகல் கடையில் அச்சடிப்பான். வீட்டில் உட்கார்ந்து மடிப்பான், ஸ்டேப்ளர் பின் அடிப்பான். பிறகு ஆன்லைன் கடையில் விற்பனைக்கு வைப்பான்.

விற்பனைக்கு வைப்பதுவரை எல்லாம் நன்றாகத்தான் போகும்.

அவர்கள் வீடு யோக்யகர்த்தா நகரத்தில், ஆற்றை ஒட்டிய சந்தில் இருக்கிறது. அம்மா வீட்டிலேயே துணி வெளுத்து, தேய்த்துக் கொடுக்கிறார். பக்கத்து விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் துணிதான் நிறைய வரும். ஒரே ஒரு கூடம். ஒரு பக்கம் துணி அடுக்குகள். மறு பக்கம் பகாஸின் தாள் அடுக்குகள்.

"வெள்ளைத் துணியோட கலர்த் துணியைக் கலக்காதே. அண்ணன் தாளோட எதையுமே கலக்காதே." அந்த வீட்டில் இருந்த சட்டங்கள் இந்த இரண்டுதான்.

அன்று செவ்வாய்க்கிழமை. பகாஸ் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆன்லைன் கடையில் யாரோ கேட்டிருந்தார்கள்.

'புத்தகம் இருக்கா?'

'இருக்கு' என்று பகாஸ் உடனே பதில் அனுப்பினான்.

அவ்வளவுதான். கேட்டவர் மறைந்துவிட்டார்.

"எல்லாரும் இருக்கான்னு கேக்கறாங்க. இருக்குன்னு சொன்னதும் ஓடிப் போயிடறாங்க" என்றான் பகாஸ். "இல்லைன்னு சொல்லிப் பார்க்கணும் போல."

மூன்றாம் புத்தகத்தை இதுவரை வாங்கியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கிளாத்தெனில் இருக்கும் சித்தி. சித்தி கடைப் பக்கத்தில் ஒரு கருத்தும் எழுதியிருந்தார்.

'பேக்கிங் அருமை. கூரியர் தம்பி ரொம்ப மரியாதை. இன்னும் படிக்கலை. ஐந்து நட்சத்திரம்.'

இங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். செருப்பு வாங்கினாலும் அதேதான், சோறு வடிக்கும் பானை வாங்கினாலும் அதேதான்.

"செமராங்கிலிருந்து மாமா பேசினார்" என்றார் அம்மா, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டே. "டைல்ஸ் கிடங்குல வேலை இருக்காம். ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

பகாஸ் கைபேசியைக் கீழே வைத்தான்.

"சரிம்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள மொத்தம் பத்து பேர் வாங்கினா இங்கேயே இருந்து நாலாவதை வரையறேன். உங்களுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுக்கறேன். இல்லைனா கடையை மூடிட்டுக் கிளம்பறேன்."

"அப்போ குவெக்?" என்றாள் லராஸ்.

"குவெக்குக்கு என்ன? ஆத்தங்கரை, நல்ல காத்து. நிக்கட்டும்."

அவன் சிரித்தான். லராஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க நிற்பது எப்படி இருக்கும்? அன்று குளிக்கும்போது அவள் ஒற்றைக் காலை மட்டும் வாளியில் விட்டு நின்று பார்த்தாள். நன்றாகவே இல்லை.

மறுநாள் மாலை அம்மா கூப்பிட்டார்.

"லராஸ், அண்ணனோட வீணாப் போன தாளெல்லாம் ஒரு கட்டு கிடக்கு பாரு. போனிரா அத்தைக்குக் கொண்டு போய்க் கொடு. பொட்டலம் மடிக்க ஆகும்."

வீணான தாளுக்கு ஒரு கதை உண்டு. மூன்றாம் புத்தகத்தின் நடுத்தாளில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து ஆகிய நான்கு பக்கங்களும் வரும். யானு அண்ணன் முதலில் அதன் பின்பக்கத்தைத் தலைகீழாக அடித்துவிட்டார். பிறகு அவரே மன்னிப்புக் கேட்டு, புதிதாக ஐம்பது தாள் சரியாக அடித்துக் கொடுத்தார். வீணானது ஒரு கட்டு. நல்லது ஒரு கட்டு. இரண்டும் கூடத்தின் மூலையில் அருகருகே இருந்தன. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

லராஸ் மேலிருந்துதான் பார்த்தாள். ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

போனிரா அத்தையின் தள்ளுவண்டி சந்து வாசலில் நிற்கும். நான்கு மணிக்கு எண்ணெய் காயும். சோயாவில் செய்த டெம்பே, டோஃபு, முட்டைக்கோஸ் போட்ட பக்வான் பஜ்ஜி எல்லாம் மாவில் தோய்ந்து சட்டியில் குதிக்கும். சூடாக எடுத்து, நாலு பச்சை மிளகாயும் போட்டுத் தாளில் மடித்துக் கொடுப்பார். அந்தத் தாள் எதுவாகவும் இருக்கலாம். அலுவலக விடுப்புக் கடிதம், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட விடைத்தாள். லராஸின் வகுப்பில் படிக்கும் தனாங் கணக்கில் முப்பத்தைந்து வாங்கியது அவன் வீட்டுக்குத் தெரியும் முன்பே சந்துக்குத் தெரிந்தது. அவன் விடைத்தாளில்தான் அன்றைக்கு டோஃபு வந்தது.

"அடடே, படம் போட்ட தாளா!" என்றார் போனிரா அத்தை. "என் வண்டிக்கு இன்னைக்கு அலங்காரம்தான். இந்தா, நீ ஒரு டெம்பே சாப்பிடு."

லராஸ் டெம்பேயைக் கடித்தாள், மிளகாயைக் கடித்தாள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அரை மணி நேரம் கழித்து பகாஸின் கைபேசி 'டிங்' என்றது.

"ஒரு ஆர்டர்!" என்றான் அவன். முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "நாலாவது ஆள்! இன்னிக்கே அனுப்பிடலாம்."

அவன் தரையில் உட்கார்ந்து தாள்களை எடுத்து அடுக்கினான். அட்டை, உள்தாள், இன்னொரு உள்தாள், நடுத்தாள். மடித்தான். புரட்டினான். நிறுத்தினான்.

"ஏன் குவெக் தலைகீழா நடக்குது?"

லராஸ் எட்டிப் பார்த்தாள். தாளின் பின்பக்கம் தலைகீழாக இருந்தது.

"அண்ணா..." என்றாள். "நான் நல்ல கட்டைக் கொடுத்துட்டேன்."

பகாஸ் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் கையிலிருந்த தாளை மெதுவாகக் கீழே வைத்தான்.

லராஸ் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

வண்டியைச் சுற்றி வழக்கத்தைவிடக் கூட்டமாக இருந்தது. ஆனால் சத்தம் இல்லை. அதுதான் விசித்திரம். எல்லாரும் கையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். யாரும் தின்னவில்லை.

"இந்த வாத்துக்கு ஏன் நாலு கால்?" என்றார் வாகிமான் மாமா. அவர் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவர். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

லராஸ் பார்த்தாள். எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடிபோல் ஆகிவிட்டிருந்தது. பின்பக்கத்துக் குவெக் முன்பக்கத்துக் குவெக்கின் மேல் தெரிந்தது. நாலு கால், இரண்டு தொப்பி.

"அது ரெண்டு வாத்து இல்ல மாமா. எண்ணெய்ல பின்பக்கம் தெரியுது."

"அப்படியா! நான் இதையும் கதைன்னு நினைச்சுப் படிச்சுட்டேன். நல்லாத்தான் இருந்தது."

"அத்தை, எனக்கு வாத்துத் தாள்லயே கொடுங்க" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். "எனக்கு வந்தது கணக்கு. மார்க்கைப் பாத்ததும் பசியே போச்சு."

"வாத்துத் தாள் தீர்ந்துட்டே வருதுப்பா" என்றார் போனிரா அத்தை.

லராஸ் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, அது வீணான தாள் இல்ல. நல்ல தாள். நான் மாத்திக் கொடுத்துட்டேன். எவ்வளவு மிச்சம் இருக்கு?"

அத்தை எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு மீதத் தாளை எடுத்துக் கொடுத்தார். பதினெட்டு தாள் இருந்தது.

"ஐயோ கண்ணு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேனே."

அப்போது விடுதியில் தங்கிப் படிக்கும் ஹெஸ்தி அக்கா லராஸின் தோளைத் தொட்டாள். லாம்புங்கிலிருந்து வந்து படிப்பவள். அவள் துணியும் அம்மாவிடம்தான் வரும்.

"லராஸ், இது உங்க அண்ணன் வரைஞ்சதா? பத்தாம் பக்கத்துல மழை பெய்யுது. கடிதத்து மேல இருந்த சேறு கரையுது. முகவரியில இருக்கற பேரைப் பாத்ததும் குவெக்கோட தொப்பியே கீழ விழுது. யார் பேர் அது?"

"ஆமா, யாரு அது?" என்றார் வாகிமான் மாமா.

"பதினோராம் பக்கம் எங்கே?" என்றார் கணக்குத் தாள்காரர். அவர் பக்கத்தில் நின்றவரின் தாளை எட்டிப் படித்திருந்தார்.

எல்லாரும் லராஸைப் பார்த்தார்கள். லராஸுக்கு அந்தப் பெயர் தெரியும். சொல்ல வாய் திறந்தாள்.

உடனே மூடிக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்று தோன்றியது. சித்தி புத்தகத்தை வாங்கிவிட்டு இன்னும் படிக்கவில்லை. இவர்கள் யாரும் எதையும் வாங்கவில்லை, ஆனால் படித்துவிட்டார்கள். படித்ததால்தான் இப்போது கேட்கிறார்கள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் லராஸ்.

"அடிப்பாவி!" என்றார் போனிரா அத்தை.

"கடையில இருக்கு. ஆன்லைன் கடையில."

ஹெஸ்தி அக்கா உடனே கைபேசியை எடுத்தாள். "என்னன்னு தேடணும்?"

"வாத்துன்னு தேடுங்க."

ஹெஸ்தி தேடினாள். உப்பு போட்ட வாத்து முட்டை வந்தது. வாத்து வறுவல் மசாலா வந்தது. குளியலறையில் மிதக்க விடும் மஞ்சள் வாத்து வந்தது. உயிருள்ள வாத்துக் குஞ்சு பத்து வந்தது.

"குஞ்சு நல்லா இருக்கே" என்றார் வாகிமான் மாமா.

"'குவெக் மூன்று'ன்னு தேடுங்க அக்கா."

இந்த முறை கடை வந்தது. ஹெஸ்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"லராஸ், இது என்ன கடை? பார்சல் விக்கறீங்களா?"

லராஸ் எட்டிப் பார்த்தாள். கடையில் ஐந்து படங்கள் இருந்தன. காற்றுக் குமிழித் தாளில் சுற்றிய பார்சல். பார்சலின் முன்பக்கம். பின்பக்கம். ஒட்டுநாடா. 'நன்றி' என்று எழுதிய சீட்டு. எல்லாரும் பேக்கிங்கைப் பாராட்டுகிறார்கள் என்பதால் அண்ணன் பேக்கிங்கையே படம் எடுத்துப் போட்டிருந்தான்.

குவெக் எங்குமே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது லராஸ் மெதுவாக நடந்தாள். கையில் பதினெட்டு நல்ல தாள் இருந்தது. அதோடு எண்ணெய் ஊறிய ஒன்றும் இருந்தது. அதை வாகிமான் மாமாதான் கொடுத்திருந்தார். "அண்ணன்கிட்ட காட்டு. நாலு காலும் நல்லா இருக்குன்னு சொல்லு" என்றிருந்தார்.

பகாஸ் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மன்னிச்சிடு அண்ணா. கிட்டத்தட்ட முப்பது தாள் போச்சு. இது மட்டும்தான் மிச்சம்."

"விடு. யானு அண்ணன்கிட்ட மறுபடி அடிச்சுக்கலாம். அந்த ஆர்டருக்கு ஒண்ணு போதும்." அவன் எண்ணெய்த் தாளைக் கையில் எடுத்தான். "இது எதுக்கு?"

"வாகிமான் மாமா கொடுத்தார். நாலு கால் நல்லா இருக்காம்."

பகாஸ் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தான். நாலு கால், இரண்டு தொப்பி, ஓரத்தில் ஒரு துளி பக்வான். அவன் உதடு லேசாகக் கோணியது.

"படிச்சாங்களா?" என்று கேட்டான், தாளைப் பார்த்தபடியே.

"படிச்சாங்க. டெம்பே ஆறிப் போற வரைக்கும் படிச்சாங்க. கடிதம் யாருக்குன்னு கேட்டாங்க. நான் சொல்லலை."

"சொல்லலையா?"

"நீ பதினோராம் பக்கத்துலதானே வச்சிருக்க. அதனால சொல்லலை."

பகாஸ் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஹெஸ்தி அக்கா நம்ம கடையில என்ன விக்கறோம்னு கேட்டாங்க அண்ணா. பார்சலான்னு கேட்டாங்க."

பகாஸ் கைபேசியை எடுத்துத் தன் கடையைத் திறந்தான். பார்சல், பார்சல், பார்சல், ஒட்டுநாடா, நன்றிச் சீட்டு. தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஒட்டுநாடாவை ரெண்டு தடவை படம் எடுத்தேன் தெரியுமா? முதல்ல சரியா வரலைன்னு" என்றான். அப்புறம் இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா என்னவென்று கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்தார்.

மறுநாள் லராஸ் பள்ளிவிட்டு வந்ததும் வேலை தொடங்கியது.

வீணான கட்டு அப்படியே இருந்தது. ஐம்பது தாள். பின்பக்கம் தலைகீழ்.

"பொட்டலத்துல படிக்கிறவங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல. திருப்பிப் பிடிச்சுக்குவாங்க" என்றாள் லராஸ்.

ஒவ்வொரு தாளிலும் பத்தாம் பக்கத்தின் கீழே கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. அங்கே அவள் பேனாவால் எழுதினாள்: 'பதினோராம் பக்கம் எங்கே? ஆன்லைன் கடையில், குவெக் மூன்று என்று தேடவும்.' இருபது தாளுக்குப் பிறகு கை வலித்தது. மீதி முப்பதை அம்மா எழுதினார். அம்மாவின் எழுத்து சலவைச் சீட்டு எழுத்து. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

"ஒரு விஷயம்" என்றான் பகாஸ். "அச்சு மை சூடான எண்ணெய்ல கரைஞ்சு சாப்பாட்டுல ஒட்டும். அது உடம்புக்கு நல்லதில்ல."

போனிரா அத்தை அதை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இருபது வருஷமா தாள்லதான் மடிக்கிறேன். இந்தத் தெருவுல யாருக்கு என்ன ஆச்சு?"

"உள்ளே ஒரு வாழையிலைத் துண்டு வச்சு மடிங்க அத்தை" என்றாள் லராஸ். "வெளியில தாள் இருக்கட்டும். மை ஒட்டாது. படத்துலயும் எண்ணெய் படாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம்."

அத்தை ஒரு பொட்டலம் மடித்துப் பார்த்தார். இலையின் பச்சை ஓரம் தாளுக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"அழகாத்தான் இருக்கு" என்றார். "இனிமே எல்லாத் தாளுக்கும் இலைதான். கணக்குத் தாளுக்கும்தான்."

"எனக்கு நாலு கால் வாத்து இனிமே கிடைக்காதா?" என்று வாகிமான் மாமா வருத்தப்பட்டார்.

பகாஸ் கைபேசியோடு வந்திருந்தான். கூச்சத்தோடு ஓரமாக நின்றான். வாகிமான் மாமா ஒரு கையில் கடித்த டெம்பேயும் மறு கையில் பத்தாம் பக்கமும் வைத்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கிப் படித்துக்கொண்டிருந்தார். பகாஸ் அதைப் படம் எடுத்தான். மாமாவுக்குத் தெரியவே இல்லை. பிறகு காட்டி, கடையில் போடலாமா என்று கேட்டான்.

"வயிறு தெரியுதா?"

"தெரியலை மாமா."

"அப்போ போடு."

அன்று பார்சல் படங்கள் எல்லாம் கடையிலிருந்து போயின. முதல் படம், டெம்பேயும் பத்தாம் பக்கமுமாக மாமாவின் கைகள், தூக்கிய புருவம். அடுத்து கதையின் முதல் மூன்று பக்கங்கள். ஐந்தாவதாகத் தண்ணீரில் ஒரு காலோடு குவெக். பெயரையும் மாற்றினார்கள். 'குவெக் மூன்று: தண்ணீருக்குப் பயந்த தபால்கார வாத்தின் படக்கதை.'

"ஒட்டுநாடா படம் ஒண்ணாவது இருக்கட்டுமே?" என்றான் பகாஸ்.

"வேண்டாம்" என்றாள் லராஸ்.

வெள்ளிக்கிழமை ஹெஸ்தி அக்கா வாங்கினாள். அவள்தான் ஐந்தாவது. பக்கத்துத் தெருதான் என்பதால் லராஸே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹெஸ்தி வாசலில் நின்றபடியே பதினோராம் பக்கத்தைத் திறந்தாள். அதை இரண்டு தடவை படித்தாள்.

"அவங்க அம்மாவுக்கா?" என்றாள். "அந்தக் கடிதம் குவெக்கோட அம்மாவுக்கா? ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற அம்மாவுக்கா?"

லராஸ் தலையாட்டினாள்.

ஹெஸ்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இரு, எங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேன்" என்று உள்ளே போனாள். நெடுநேரம் ஆயிற்று. லராஸ் காத்திருக்காமல் வந்துவிட்டாள்.

ஹெஸ்தியின் விடுதியிலிருந்து அன்றே இன்னொருவர் வாங்கினார். சனிக்கிழமை இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணக்குத் தாள்காரர் வாங்கினார். ஒன்பது.

பிறகு கைபேசி வாயை மூடிக்கொண்டது.

மதியம் ஆயிற்று. மூன்று மணி ஆயிற்று. செமராங் மாமா ஐந்து மணிக்குப் பேசுவதாகச் சொல்லியிருந்தார்.

"ஒண்ணுதான் குறையுது" என்றார் அம்மா. "நானே ஒண்ணு வாங்கிடட்டுமா?"

"நீங்கதான் படிச்சுட்டீங்களேம்மா" என்றான் பகாஸ். "அது கணக்குல வராது."

லராஸுக்கும் அதே யோசனை இருந்தது. அவளும்தான் படித்துவிட்டாள். ஏழு தடவை.

நாலரை மணிக்கு ஒரு சத்தம். ஆர்டர் இல்லை, கேள்வி மட்டும். மக்காசாரிலிருந்து ஒருவர். கடல் தாண்டி இருக்கும் ஊர்.

'இருக்கா?'

'இருக்கு' என்று பகாஸ் அனுப்பினான்.

அமைதி.

"போயிட்டாங்க" என்றான் பகாஸ்.

மறுபடி சத்தம்.

'டெம்பேயும் சேர்த்து வருமா?'

பகாஸ் லராஸைப் பார்த்தான். லராஸ் பகாஸைப் பார்த்தாள்.

"வரும்னு சொல்லிடவா?"

"பொய் சொல்லக் கூடாது. வழியிலேயே கெட்டுப் போயிடும்."

'டெம்பே வராது. வாத்து மட்டும்தான்' என்று பகாஸ் அனுப்பினான்.

மீண்டும் அமைதி. இந்த முறை நீளமானது. அம்மா ஒரு சட்டையை மடித்துவிட்டார். இன்னொன்றை மடித்தார். மூன்றாவதில் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது...

டிங்.

லராஸ் குதித்ததில் வெள்ளைத் துணி அடுக்கு கலர்த் துணி அடுக்கின் மேல் சரிந்தது. அன்றைக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு மாமா பேசினார்.

"வரலை மாமா" என்றான் பகாஸ். "கோவிச்சுக்காதீங்க. இங்கே ஒரு வாத்து ஆத்துல நிக்குது."

மாமா அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ தெரியவில்லை. "இல்ல மாமா, நிஜ வாத்து இல்ல" என்று பகாஸ் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து மக்காசாரிலிருந்து கருத்து வந்தது. லராஸ் சத்தமாகப் படித்தாள்.

"'பேக்கிங் சுமார். கூரியர் நாலு நாள் தாமதம். டெம்பே இல்லை. நானும் என் பையனும் மூணு தடவை படிச்சோம். இன்னொரு காலை எப்போ வைக்கும்னு பையன் தூங்க விட மாட்டேங்கிறான். மூன்று நட்சத்திரம்.'"

"மூணுதானா!" என்றார் அம்மா கோபமாக.

"படிச்சிருக்காங்கம்மா!" என்றான் பகாஸ். அவன் அதை ஒரு தாளில் எழுதி, வரையும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினான். ஒட்டுநாடாவுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தான். லராஸ் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றாள். வெள்ளைத் தாளில் ஆறு வந்தது. கரை வந்தது. தொப்பி வந்தது. வலது கால் மெல்ல மேலே எழுந்தது...

பகாஸ் உள்ளங்கையால் தாளை மூடினான்.

"வரிசையில வா."

"நான் உன் தங்கச்சி!"

"தங்கச்சியா இருந்தாலும் வரிசைதான். கடையில நாலாவதுக்குப் பேர் பதிஞ்சுக்கலாம். நேத்துதான் திறந்தேன்."

லராஸ் அம்மாவின் கைபேசியை எடுத்துக்கொண்டு ஓடினாள். முதல் பெயர் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பதிந்தாள்.

இரண்டாவதுதான் கிடைத்தது. முதல் இடத்தில் வாகிமான் மாமா இருந்தார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: 'முடிந்தால் நாலு கால்.'